உருகி உறையுற பொருள்ல வெப்பத்தைச் சேமிக்கிறது: எங்கெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யும்?

மடிப்பாக்கம் மணி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழ, மே மாசம்னா ராத்திரி பதினோரு மணிக்கும் சீலிங்ல கை வெச்சா சுடுது. ஒரு கம்பெனி ஆளுங்க வந்து பிசிஎம் (ஃபேஸ் சேஞ்ச் மெட்டீரியல், உருகி உறையுற பொருள்) பேனல்னு காட்டினாங்க, உள்ள மெழுகு மாதிரி ஒரு சரக்கு, பகல்ல சூட்டை வாங்கிட்டு உருகும் ராத்திரி திரும்ப உறையும், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல வரிசையா அடுக்கிட்டா ஏசி பில் பாதியாயிடும்னு சொல்றாங்க. பேப்பர்ல உருகுநிலை 26 டிகிரின்னு போட்டிருக்கு. யாராவது இத போட்டுப் பாத்திருக்கீங்களா? வீட்டுக்கு மட்டும் இல்ல, இந்த மாதிரி பொருளை வேற எதுக்கெல்லாம் இப்ப யூஸ் பண்றாங்கன்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க, படிக்கப் படிக்க ஆர்வமா இருக்கு.

ஹெச்விஏசி சேகர்:
மணி சார், காசு கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க அவங்கள. உருகினது எப்ப, எங்க, எதை வெச்சு திரும்ப உறையும்? இந்தத் துறைல எல்லாமே இந்த ஒரு கேள்விலதான் நிக்குது.

அடிப்படை இதான். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேணும், அதே அளவு வெப்பத்தைக் கொடுத்தா ஒரு கிலோ தண்ணிய 0-லேருந்து 80 டிகிரிக்கு ஏத்திடலாம். ஆனா ஐஸ் உருகுற நேரம் முழுக்க டெம்பரேச்சர் 0-லயே நிக்கும், ஏறாது. பாரஃபின் மெழுகு கிலோவுக்கு சுமார் 200 கிலோஜூல், அதுல எந்த வகைன்றத பொறுத்து உருகுநிலை மாறும், ஹெக்ஸாடெக்கேன் 18-ல, ஆக்டாடெக்கேன் 28-ல, ஐகோசேன் 36 37-ல. அதனால நமக்கு வேண்டிய டெம்பரேச்சருக்கு ஏத்த சரக்கை தேர்ந்தெடுக்கலாம், அதுதான் இதோட அழகு.

இப்ப சென்னை மே மாசம். பகல்ல 38 40 போகுது, சரி. ராத்திரி குறைஞ்சபட்சமே 28 கிட்ட. 26-ல உறையுற சரக்கு 28 டிகிரி காத்துல எப்படிங்க உறையும்? ஏப்ரல் கடைசில ஒரு தடவ உருகும், அப்புறம் ஜூன் ஜூலை மழை வந்து குளிர்ற வரைக்கும் பேனலுக்குள்ள எண்ணெயாவே கிடக்கும். நீங்க ஏசி போட்டு ரூமை 24-க்கு கொண்டு வந்தா உறையும், ஆனா அதுக்கான கரண்ட்டும் உங்க மீட்டர்லதான் ஓடும்.

மடிப்பாக்கம் மணி:
அப்ப 31 டிகிரில உருகுறத கேட்டு வாங்கினா?

ஹெச்விஏசி சேகர்:
உறையும், ஆனா மெதுவா. ராத்திரி காத்துக்கும் சரக்குக்கும் வித்தியாசம் 3 டிகிரிதான், அதுல மெழுகு வெப்பத்தைக் கடத்தறதுல ரொம்ப மந்தம், கான்கிரீட்டோட ஒப்பிட்டா ஏழு எட்டுல ஒரு பங்குதான் வரும். பேனல்ல இருக்கிற சரக்கோட வெளிப்பக்கம் முதல்ல உறையும், உறைஞ்ச அந்தத் தோலே உள்ள இருக்கிற சூட்டை வெளிய விடாம தடுக்கும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல காத்தோட்டமும் கிடையாது, ராத்திரி அங்க காத்து ஓட ஃபேன் வெக்கணும்.

அளவையும் பாத்துடலாம். கான்கிரீட் தளம் வழியா சதுர மீட்டருக்கு 30 வாட் வீதம் எட்டு மணி நேரம் சூடு இறங்குதுன்னு வெச்சுக்கோங்க, 864 கிலோஜூல் ஆச்சு, அத வாங்கிக்க நாலு அஞ்சு கிலோ மெழுகு வேணும். ஆயிரம் சதுர அடிக்கு 400 கிலோவுக்கு மேல. மெழுகுன்றதால தீப்பிடிக்கிற விஷயத்தையும் யோசிக்கணும். மாடில வெள்ளை டைல்ஸ் ஒட்டறதுக்கு அத விட கம்மியாதான் ஆகும். சூட்டை உள்ள விட்டுட்டு அப்புறம் சேமிச்சு வெக்கிறதை விட முதல்லயே உள்ள விடாம இருக்கறது நல்லது.

இதே பேனல் பெங்களூர்லயோ ஓசூர்லயோ ஓரளவு வேலை செய்யும், அங்க மே மாசமும் ராத்திரி 21 22-க்கு இறங்கிடுது. ஜெர்மனில பிஏஎஸ்எஃப் கம்பெனி மைக்ரோனல்னு மெழுகை கண்ணுக்குத் தெரியாத அளவு குட்டிக் கேப்ஸ்யூலா ஆக்கி ஜிப்சம் போர்டுல கலந்து வித்தாங்க, 23 26 டிகிரி வகை. அந்த ஊர் ராத்திரிக்கு அது பொருத்தம். நம்ம கடற்கரை ஊருக்கு பொருந்தாது, அவ்ளோதான்.

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
சேகர் தம்பி சொல்றது நூத்துக்கு நூறு சரி. நம்ம எல்லார் வீட்லயும் ஒரு பிசிஎம் இருக்கு, தேங்காய் எண்ணெய். 24 25 டிகிரில உருகும் உறையும், கிலோவுக்கு சுமார் 100 கிலோஜூல்தான் பிடிக்கும், மெழுகுல பாதி. மார்கழில பாட்டில்ல உறைஞ்சு கிடக்கறதை வெயில்ல வெச்சு உருக்கறோமே அதேதான். மே மாசம் உங்க வீட்டு தேங்காய் எண்ணெய் எந்த ராத்திரியாவது உறைஞ்சிருக்கா பாருங்க, உறையலேன்னா 26 டிகிரி பேனலும் உறையறது சந்தேகம்தான். வீட்லயே பாக்கக்கூடிய சுலபமான டெஸ்ட் இது.

இன்னொரு விஷயம், இது புது ஐடியா இல்ல. மரியா டெல்க்கிஸ்னு ஒரு அம்மா, 1900-ல புடாபெஸ்ட்ல பிறந்து அமெரிக்கா போனவங்க, 1948-ல மாசசூசெட்ஸ்ல டோவர்ங்கிற ஊர்ல சூரிய வெப்பத்துல மட்டுமே சூடாகுற ஒரு வீட்டுக்கு வேலை செஞ்சாங்க. கட்டட வடிவமைப்பு எலினோர் ரேமண்ட், பணம் போட்டது அமீலியா பீபாடி, மூணு பேருமே பெண்கள், அந்தக் காலத்துல இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. வெப்பத்தை சேமிக்க கிளாபர் உப்பு, அதாவது பத்து தண்ணி மூலக்கூறு ஒட்டியிருக்கிற சோடியம் சல்ஃபேட். 32 டிகிரில உருகும், கிலோவுக்கு சுமார் 250 கிலோஜூல். சுமார் 20 டன் உப்பை டப்பாக்கள்ல அடைச்சு சுவருக்குள்ள வெச்சாங்க. ரெண்டு குளிர்காலம் ஓரளவு நல்லா ஓடிச்சு, மூணாவதுல தடுமாறிப் போச்சு.

ஏன்னா இந்த உப்பு உருகும்போது முழுசா ஒரே கரைசலா ஆகாது, தண்ணி இல்லாத சோடியம் சல்ஃபேட் கொஞ்சம் தனியாப் பிரிஞ்சு அடில போய் உக்காந்துடும். மேல தண்ணி, கீழ உப்பு. திரும்ப குளிரும்போது ரெண்டும் சந்திக்க முடியாம பழைய படிகம் உண்டாகறதில்ல, ஒவ்வொரு தடவையும் கொள்ளளவு குறைஞ்சுக்கிட்டே வரும். அது போக உறையவேண்டிய 32-ல உறையாம அதுக்கும் கீழ இறங்கி திரவமாவே நிக்கும், அதுக்கு மருந்தா கொஞ்சம் போராக்ஸ் கலக்கலாம்னு கண்டுபிடிச்சதும் அந்த அம்மாதான். டப்பாவும் அரிச்சுப் போச்சு. நான் பிள்ளைங்களுக்கு பாடம் எடுக்கும்போது இந்த வீட்டைப் பத்தி சொல்லாம விட்டதே கிடையாது, எழுபத்தஞ்சு வருஷமா இந்தத் துறைல எல்லாரும் ராப்பகலா முட்டி மோதறது அந்த வீட்டுல தெரிஞ்ச அதே மூணு பிரச்சனையோடதான், பிரிஞ்சு போறது, உறைய மறுக்கறது, அரிக்கறது.

எடின்பரோ ராமு:
வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நீங்க சொன்ன அந்த உறைய மறுக்கற குணத்தை இங்க ஸ்காட்லாந்துல சரி பண்ணி விக்கறாங்க. சன்ஆம்ப்னு ஒரு கம்பெனி, எடின்பரோ யூனிவர்சிட்டி வேதியியல் துறையோட சேர்ந்து சோடியம் அசிடேட் உப்பை வெச்சு வீட்டு சுடுதண்ணிக்கு ஹீட் பேட்டரி பண்றாங்க. 58 டிகிரில உருகும். இந்த உப்பு எங்க ஊர் குளிருக்கு ஏற்கனவே தெரிஞ்சதுதான், பாக்கெட்ல வெச்சுக்குற கை சூடேத்தி பை இருக்கே, உள்ள ஒரு குட்டி தகடு இருக்கும், அத டிக்குனு மடக்கினா திரவம் சட்டுனு படிகமாகி சூடாகும், அது இந்த உப்புதான். கைப்பைக்கு உறையாம காத்திருக்கறது நல்லது, ஆனா வீட்டு சுடுதண்ணிக்கு அது ஆகாது, கொழாயத் திறந்த உடனே உறைஞ்சு சூட்டைக் கொடுக்கணும். அதுக்கும், உப்பு பிரிஞ்சு போகாம இருக்கறதுக்கும் சேர்மானங்கள் கண்டுபிடிச்சு சேர்த்திருக்காங்க, பல ஆயிரம் தடவ உருக்கி உறைய வெச்சு சோதிச்சதா சொல்றாங்க.

எங்க பில்டிங்ல இருக்கு. பழைய தண்ணி சிலிண்டர் ஒரு அலமாரி முழுக்க இருந்துச்சு, இது கிச்சன் ஷெல்ஃப்ல அடங்கற டப்பா. கணக்கும் சிம்பிள்தான், தண்ணிய 40-லேருந்து 60-க்கு சூடாக்கினா லிட்டருக்கு 84 கிலோஜூல் சேமிக்கலாம், இந்த உப்பு உருகறதுக்கே கிலோவுக்கு 260 கிட்ட, அதுல ஒரு லிட்டர் கிட்டத்தட்ட ஒண்ணரை கிலோ எடை. ராத்திரி கரண்ட் விலை குறையுற நேரத்துல உருக்கி வெச்சுக்கிட்டு காலைல குளிக்கும்போது உறைய விடறோம். இங்க உறையவைக்கிறது குழாய்ல வர்ற பச்சைத் தண்ணிதான், சேகர் சார் கேட்ட கேள்விக்கு இது ஒரு விடை.

குன்னூர் கீதா:
ராமு அண்ணா இது எங்க ஊருக்கு சரியா வருமே! குன்னூர்ல வருஷம் பூரா கீசர்தான். வெயில் அடிக்கிற அன்னிக்கு சோலார் வாட்டர் ஹீட்டர்ல கொதிக்குது, மேகம் மூடினா ரெண்டு நாள் ஒண்ணும் இல்ல. டேங்குக்குள்ள இந்த உப்புப் பையைப் போட்டு வெக்க முடியாதா?

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
போடலாம்மா, ஆனா 58 டிகிரிக்கு மேல தண்ணி போனாதான் உருகும், மலைல பல நாள் 50-லயே நின்னுடும், அன்னிக்கு அது வெறும் கல்லு மாதிரி இடத்தை அடைச்சுக்கிட்டு கிடக்கும். 45 50-ல உருகுற மெழுகு வகை பொருத்தமா இருக்கும். அண்ணா யூனிவர்சிட்டில வேல்ராஜ் அவங்க குழு பல வருஷமா இதத்தான் பண்ணினாங்க, மெழுகுக்குள்ள உலோகத் தகடு வெச்சு சூடு சீக்கிரம் உள்ள போய் வர்ற மாதிரி செய்யறது பத்தி 1999-லேயே அவங்க எழுதின ஆய்வுக் கட்டுரை உலகம் பூரா மேற்கோள் காட்டப்படுது. பின்னாடி அவரே துணைவேந்தராவும் இருந்தார். நம்ம பக்கத்துலயே இவ்வளவு வேலை நடந்திருக்கு, கடைக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம்தான்னு எனக்கு வருத்தம் உண்டு.

தறிக்காரன் திருப்பூர்:
துணிக்கும் இத போடறாங்க, நான் பிரிண்டிங் யூனிட்ல இருக்கறதால தெரியும். 80-கள்ல நாசா பணத்துல விண்வெளி கையுறைக்காக ஆரம்பிச்ச ஆராய்ச்சி, அதுலேருந்து அவுட்லாஸ்ட்னு அமெரிக்க கம்பெனி வந்துச்சு. குட்டி கேப்ஸ்யூலை துணில பூசறது. பையருங்க கேக்கறாங்க, டேக்ல போட்டா விலை ஏறுது. ஆனா கணக்கு பாருங்கப்பா. 150 கிராம் டீஷர்ட், அதுல 10 சதவீதம் கேப்ஸ்யூல் ஏத்தினா 15 கிராம். கிராமுக்கு 180 ஜூல்னு வெச்சா மொத்தம் 2700 ஜூல். சும்மா உக்காந்திருக்கிற மனுஷன் உடம்பு 100 வாட் சூடு விடுது. 27 செகண்டுல முடிஞ்சு போச்சு. தொட்டா முதல்ல சில்லுனு இருக்கும், கடைல வாங்கறவன் அந்த சில்லுக்கே வாங்கிடுவான். திருப்பூர் வெயில்ல வெளிய நடந்தா மறுபடி உறைய வழியே இல்ல. ஏசி ஆபீசுக்கும் வெயிலுக்கும் மாறி மாறி போறவனுக்கு வேணா கொஞ்சம் தெரியும். இத எங்க யூனிட்ல சொன்னா வியாபாரத்தைக் கெடுக்காதேங்கறாங்க, ஆனா உண்மைய எங்கயாவது சொல்லணும்ல.

கோவை வார்ப்படம்:
டீஷர்ட் சரிப்படாது, ஆனா வெஸ்ட் வேற கதை தம்பி. நம்ம ஃபவுண்டரில உருக்கின இரும்பை அச்சுல ஊத்தற இடத்துல நிக்கற ஆளுங்களுக்கு ரெண்டு கிலோ பேக் வெச்ச வெஸ்ட் கொடுத்துப் பாத்தோம், 28 டிகிரி வகை. ரெண்டு கிலோன்னா 400 கிலோஜூல், உடம்புலேருந்து 100 வாட் எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. ஐஸ் வெஸ்ட் போட்டா தோல் மரத்துப் போயி ரத்த ஓட்டம் சுருங்கிடும், பசங்களுக்கு நெஞ்சு வலிக்குதும்பாங்க, இதுல அது இல்ல. திரும்ப உறைய வைக்க ஃப்ரிட்ஜ் கூட வேணாம், ஐஸ் தண்ணி பக்கெட்ல முக்கி வெச்சா போதும், ரெண்டு செட்டு மாத்தி மாத்தி ஓடுது. எடைதான் கஷ்டம். ஆனாலும் மதிய ஷிஃப்ட்ல மயக்கம் போட்டு விழறது குறைஞ்சிருக்கு, முதலாளிங்க எல்லாரும் இத வாங்கிக் கொடுக்கணும், ஹெல்மெட் மாதிரி இதுவும் பாதுகாப்பு சாமான்தான்.

விஹெச்என் அக்கா:
நான் கிராம சுகாதார செவிலியர். நீங்க எல்லாரும் புதுசு புதுசா சொல்றீங்க, நாங்க இத வருஷக்கணக்கா தோள்ல தூக்கிட்டுப் போறோம். தடுப்பூசி கேரியர்ல நாலு ஐஸ் பேக் இருக்கும், அதுவும் உருகி வெப்பத்தை வாங்கறதுதானே. ஆனா அதுல பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு, ஊசி மருந்து 2-லேருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், டீப் ஃப்ரீசர்லேருந்து எடுத்த ஐஸ் பேக் மைனஸ் 15 மைனஸ் 20-ல இருக்கும். நேரா கேரியர்ல வெச்சா மருந்து உறைஞ்சிடும். பெண்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டிடி இதெல்லாம் ஒரு தடவ உறைஞ்சா வீண், கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, குழந்தைக்கு ஊசி குத்தியும் பாதுகாப்பு வராது. எல்லாரும் மருந்து சூடானாதான் கெடும்னு நினைக்கறாங்க, குளிர்ந்தும் கெடும்.

அதனால ஐஸ் பேக்கை வெளிய வெச்சு வேர்க்க விட்டு, குலுக்கினா உள்ள தண்ணி சத்தம் கேக்கற வரைக்கும் காத்திருக்கணும். தண்ணியும் ஐஸும் சேர்ந்து இருந்தா அது 0-க்கு கீழ போகாது. காலைல அவசரத்துல நாலு ஊருக்குப் போகணும், பஸ்ஸு போயிடும், அப்படியும் அரை மணி நேரம் நின்னு பாக்கணும். 5 டிகிரில உருகுற பேக் எல்லா இடத்துக்கும் வந்துட்டா இந்தக் கவலையே வேண்டாம், டீப் ஃப்ரீசர்ல வெக்காம ஃப்ரிட்ஜ்லயே உறைய வெச்சா உருகி முடியற வரைக்கும் 5-லதான் நிக்கும். ஐஸ் பேக்குக்கும் மருந்துக்கும் நடுவுல ஒரு தடுப்பு வெச்ச கேரியரும் வந்திருக்கு. எங்க மாதிரி ஆளுங்களுக்கு வேணுங்கறது அதுதான்.

அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துல இருக்கிற ஐஎல்ஆர் ஃப்ரிட்ஜ், சுவத்துக்குள்ளயே ஐஸ் வரிசை இருக்கும், 24 மணி நேரத்துல 8 மணி நேரம் கரண்ட் வந்தா போதும், மருந்து பத்திரமா இருக்கும். புயல் நேரத்துல எல்லாம் அதுதான் காப்பாத்திச்சு.

ஹெச்விஏசி சேகர்:
அக்கா, இந்த இழையிலயே உருப்படியான பதிவு உங்களுதுதான். ஒரு சின்ன விஷயம் சேக்கறேன், 5 டிகிரி பேக்குக்கு ஐஸ் அளவு கொள்ளளவு கிடையாது, கிலோவுக்கு 334-க்கு பதிலா பல வகைல 200 கிட்டதான் வரும், அதனால அதே நேரம் தாங்க பேக் பெருசாகும், தோள்ல எடை ஏறும். அதையும் கேட்டு வாங்கணும்.

சோலார் சுந்தர்:
ஸ்பெயின்ல உப்பை உருக்கி வெச்சு ராத்திரி பூரா கரண்ட் எடுக்கறாங்களே, அந்த டெக்னாலஜிய பத்தி யாருமே பேசல? அதுதானே இதுல பெரிய ஐட்டம்.

ஹெச்விஏசி சேகர்:
சுந்தர் ப்ரோ, அது வேற. செவில் பக்கத்துல 2011-ல ஆரம்பிச்ச ஜெமாசோலார்ல 15 மணி நேர சேமிப்பு இருக்கு, உண்மை. ஆனா அந்த நைட்ரேட் உப்பு 290-க்கும் 565-க்கும் நடுவுல எப்பவும் திரவமாவே ஓடுது, அது சும்மா சூடாகி ஆறுது, உருகி உறையறதுல அவங்க வெப்பத்தைச் சேமிக்கல. அது உறைஞ்சா குழாய் அடைச்சு பிளான்ட்டே நிக்கும், உறையாம பாத்துக்கறதுதான் அங்க வேலை. உருகறதையே சேமிப்பா வெச்சு அந்த சூட்டுல பண்றதுன்னா ஆஸ்திரேலியால எம்ஜிஏ தெர்மல்னு நியூகாசில் யூனிவர்சிட்டிலேருந்து வந்த கம்பெனியைப் பாருங்க, கிராஃபைட் கட்டிக்குள்ள அலுமினியத் துகள் பதிச்சிருப்பாங்க, 660-ல அலுமினியம் உள்ளுக்குள்ளயே உருகும், கட்டி கெட்டியாவே நிக்கும், கிராஃபைட் சூட்டை வேகமா கடத்தும். மெழுகோட மந்தபுத்தி பிரச்சனையே அங்க இல்ல. சாயப்பட்டறை, பால் பவுடர் ஆலை மாதிரி ஸ்டீம் வேணுங்கற இடத்துக்கு நாளைக்கு இது வரும்னு எனக்கு நம்பிக்கை இருக்கு.

சோலார் சுந்தர்:
நல்ல விளக்கம், நன்றி. இவி பேட்டரிக்கு?

ஹெச்விஏசி சேகர்:
சிகாகோல இல்லினாய் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜில சயீத் அல்ஹல்லாஜ் குழு மெழுகையும் கிராஃபைட்டையும் கலந்து செல்லைச் சுத்தி வெக்கற முறையக் கொண்டு வந்தாங்க, ஆல்செல்னு கம்பெனியாச்சு. ஒரு செல் தீப்பிடிச்சா பக்கத்து செல்லுக்குப் பரவாம மெழுகு வெப்பத்தைக் குடிச்சுக்கும். நம்ம ஊர் ஸ்கூட்டருக்கு யோசிச்சா வெயில்ல நிறுத்தின வண்டிலயே பேக் 40 42 வந்துடும், 38-ல உருகுறத போட்டா ஏறி உக்காருறதுக்கு முன்னாடியே உருகி முடிஞ்சிருக்கும். 50-ஐ ஒட்டி இருக்கணும், அப்பதான் ஓட்டும்போது உருகி நிழல்ல நிறுத்தினா உறையும்.

அப்பல்லோ 15, 16, 17 மூணுலயும் நிலாவுல ஓட்டின வண்டில எலக்ட்ரானிக்ஸ் சூட்டுக்கு மெழுகு டப்பா வெச்சிருந்தாங்க. அங்க காத்தே கிடையாது. ஓட்டும்போது சூட்டை வெளிய விடற கண்ணாடி மேல தூசி படாம மூடிய மூடி வெச்சுட்டு, நிறுத்தினப்புறம் வீரர்கள் கையால மூடியத் திறந்து விட்டாங்க, சூடு வானத்துக்கு கதிர்வீச்சா போயிடும். 1971-லேயே அவங்க உருகறதுக்கு முன்னாடி எங்க உறையப்போகுதுன்னு யோசிச்சிருக்காங்க பாருங்க, எனக்கு அதுல மனசு நிறைஞ்ச மரியாதை.

சிசு வார்டு சிஸ்டர்:
நான் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுல நர்ஸ். எங்க வேலைல இது ரெண்டு விதமா வருது. ஒண்ணு சூடா வெக்க, இன்னொண்ணு குளிர வெக்க.

சூடுக்கு எம்ப்ரேஸ்னு குட்டித் தூக்கப் பை மாதிரி, 2007-ல ஸ்டான்ஃபோர்டுல மாணவர்கள் கிளாஸ் ப்ராஜெக்ட்டா ஆரம்பிச்சு பெங்களூர் வந்து பண்ணினது. எடை குறைஞ்சு பிறந்த குழந்தைக்கு, உள்ள மெழுகுப் பை, சுடுதண்ணிலயோ ஹீட்டர்லயோ உருக்கி வெச்சா 37 டிகிரில சில மணி நேரம் நிக்கும். இங்க தலைகீழா பாருங்க, உறையும்போது குழந்தைக்கு சூடு கிடைக்குது. தெர்மோஸ்டாட் தேவையில்ல, வயர் இல்ல, பை 37-க்கு இறங்கினப்புறம் வெச்சா குழந்தைய சுட்டுடும்னு பயமும் இல்ல.

குளிர வெக்கறது, பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளைக்கு ஆக்ஸிஜன் போகாத குழந்தைக்கு. பிறந்த 6 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு உடம்பு வெப்பத்தை 33 34-க்குக் கொண்டு வந்து 72 மணி நேரம் அப்படியே வெச்சிருந்து அப்புறம் மெதுவா ஏத்தணும். வெளிநாட்டு மெஷின் விலை ரொம்ப அதிகம். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியும் பிசிஎம் தயாரிக்கிற ப்ளஸ்ங்கிற கம்பெனியும் சேர்ந்து மிராக்ரேடில்னு பிசிஎம் மெத்தை வெச்ச தொட்டில் பண்ணினாங்க, அந்த ப்ளஸ் கம்பெனிய 2021-ல நம்ம சென்னை முருகப்பா குரூப்பு கார்போரண்டம் யுனிவர்சல் வாங்கிடுச்சு. மெத்தைய ஃப்ரிட்ஜ்ல உறைய வெச்சு எடுத்துப் போட்டா மணிக்கணக்கா தாங்கும், மூணு நாள் கரண்ட் போய்ப் போய் வந்தாலும் சிகிச்சை நிக்காது.

ஆனா நான் முழுசா சொல்லணும். 2021-ல ஹீலிக்ஸ்னு பெரிய ஆய்வு வெளிவந்துச்சு, இந்தியா, இலங்கை, வங்கதேசத்துல 408 குழந்தைங்க, குளிர வெச்ச குழந்தைங்கள்ல இறப்பு குறையல, கூடுதலா இருந்துச்சு. மேலை நாட்டுல பலன் தந்த சிகிச்சை இங்க தரல. அதுல பிசிஎம் இல்ல, தானியங்கி மெஷின்தான். சிஎம்சில நார்வேக்காரங்களோட சேர்ந்து 50 குழந்தைங்க வெச்சுப் பண்ணின சின்ன ஆய்வுல பிசிஎம்ல குளிர வெச்சவங்களுக்கு மூளை ஸ்கேன் மேம்பட்டு இருந்துச்சு. ரெண்டையும் படிச்சுட்டு டாக்டர்ங்க இன்னும் விவாதிக்கிறாங்க. பொருள் நல்லா வேலை செய்யுதுங்கறது வேற, எந்தக் குழந்தைக்கு குளிர வெக்கணுங்கறது வேற, இத ரெண்டையும் கலக்கக் கூடாது. ஒரு நர்ஸா நான் சொல்றது, மெத்தை விலை குறைவுன்னு பக்கத்துல ஆள் இல்லாம வெச்சுடக் கூடாது, டெம்பரேச்சர் ப்ரோபை ஒரு நிமிஷம் கூட விடாம பாக்கணும்.

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
சிஸ்டர், ரொம்ப நன்றிம்மா. இதெல்லாம் விளம்பரத்துல வராது.

மடிப்பாக்கம் மணி:
இவ்வளவு விஷயம் வரும்னு நினைக்கல. சேகர் சார், ஏசிக்கே ஐஸ் சேமிச்சு வெக்கறதுன்னு கேள்விப்பட்டேனே, அது வீட்டுக்கு ஆகுமா?

ஹெச்விஏசி சேகர்:
வீட்டுக்கு கஷ்டம், பெரிய கட்டடத்துக்கு அருமை. ஒரு டன் ஏசி ஒரு மணி நேரம் ஓடினா 12,660 கிலோஜூல் எடுக்குது, அது 38 கிலோ ஐஸ். எட்டு மணி நேரத்துக்கு 300 கிலோ, வீட்ல எங்க வெப்பீங்க. தரமணி டைடல் பார்க்ல தொடங்கின காலத்துலேயே தெர்மல் ஸ்டோரேஜ் வெச்சாங்க, ராத்திரி சில்லர், அதாவது கட்டடத்துக்கே குளிர் கொடுக்கற பெரிய மெஷினை ஓட்டி உறைய வெச்சு பகல்ல உருக்கறது. பெரிய கட்டடங்களுக்கான நம்ம ஹைடென்ஷன் மின் கட்டணத்துல பீக் ஹவருக்கு 25 சதவீதம் கூட, ராத்திரிக்கு 5 சதவீதம்தான் தள்ளுபடி, அதனால ராத்திரி கரண்ட் விலை குறைவுன்னு மட்டும் நம்பி போட்டா பலன் கம்மி, பீக் நேரத்துல சில்லரை நிறுத்தறதுலதான் காசு.

இப்ப காலம் மாறுது. 2023-ல மத்திய அரசு மின் நுகர்வோர் விதியத் திருத்தி, வெயில் நேரத்து கட்டணம் சாதாரணத்தை விட குறைஞ்சது 20 சதவீதம் கம்மியா இருக்கணும்னு சொல்லிடுச்சு, வணிக, தொழில் இணைப்புகளுக்கு 2024 ஏப்ரல்லேருந்து. சோலார் கரண்ட் மதியம் குவியுது, சாயங்காலம் எல்லாரும் ஏசி போடும்போது பத்தல. மதியம் உறைய வெச்சு சாயங்காலம் உருக்கணும், இதுதான் இந்தப் பொருளுக்கு நம்ம நாட்டுல பெரிய புது வேலைன்னு நான் உறுதியா நம்பறேன். லித்தியம் பேட்டரி வேணாம், குளிர்தான் வேணும்னா குளிராவே சேமிக்கலாம்.

தேனி வாழை:
சார் இப்பதான் எனக்கு வேண்டிய இடத்துக்கு வந்தீங்க. நாங்க உழவர் உற்பத்தியாளர் கம்பெனி, வாழை. அஞ்சு டன் சோலார் குளிர் அறைக்கு கொட்டேஷன் வாங்கியிருக்கோம், பேட்டரிக்குப் பதிலா பிசிஎம்னு சொல்றாங்க. போடலாமா?

ஹெச்விஏசி சேகர்:
போடலாம் அண்ணே, இது சரியான இடம், ஏன்னா உறையவைக்க பகல் வெயில் இருக்கு, உருக ராத்திரி முழுக்க இருக்கு. ஆனா வாழைக்கு 13 டிகிரிக்கு கீழ போனா தோல் கறுத்துடும், உங்களுக்கே தெரியும். சரக்கு ஐஸா இருந்தா அதைத் தொட்டு வர்ற காத்து பழத்தை அடிச்சிடும், 10 டிகிரி கிட்ட உருகுறதா கேளுங்க, வெப்பம் பாய சில டிகிரி வித்தியாசம் வேணுங்கறதால அறை 13 14-ல நிக்கும். ராத்திரி சராசரி 2 கிலோவாட் வெப்பம் எடுக்கணும்னா 12 மணி நேரத்துக்கு 86,400 கிலோஜூல், கிலோவுக்கு 200 வீதம் 430 கிலோ சரக்கு. அவங்க கொட்டேஷன்ல எத்தன கிலோ போட்டிருக்காங்க?

தேனி வாழை:
கிலோவே போடல சார். "12 மணி நேர பேக்கப்"னு மட்டும் இருக்கு. தார் வெட்டி சாயங்காலம்தான் அறைக்குள்ள ஏத்துவோம்.

ஹெச்விஏசி சேகர்:
அங்கதான் சிக்கல். வெயில்ல நின்ன தார் 32 டிகிரில உள்ள வரும், அஞ்சு டன்னை 14-க்கு இறக்கவே கிட்டத்தட்ட 3 லட்சம் கிலோஜூல் வேணும், அந்த 430 கிலோ சரக்கு பிடிக்கிறத மாதிரி மூணரை மடங்கு, இதுல பழம் மூச்சு விடற சூடு தனி. அதனால காலைல குளுமையா இருக்கும்போது வெட்டி பத்து மணிக்குள்ள ஏத்துங்க, பழத்தை இறக்கற வேலைய கம்ப்ரஸர் நேரா சோலார்ல பாத்துக்கும், பிசிஎம் ராத்திரி தாங்கறதுக்கு மட்டும் இருக்கட்டும். ஒரே நாள்ல அஞ்சு டன்னும் ஏத்தாதீங்க, ரெண்டு மூணு நாளா பிரிச்சு ஏத்துங்க. கம்பெனிகிட்ட எழுத்துல கேளுங்க, எத்தன கிலோ, எத்தன டிகிரில உருகுது, மேகம் மூடின நாள்ல முழுசா உறைய எத்தன மணி நேரம். எத்தன தடவ உருகி உறைஞ்சா கொள்ளளவு குறையும்னும் கேளுங்க, வாத்தியார் சொன்ன அந்த அடில படியற பிரச்சனை உப்பு வகைல வரும்.

தேனி வாழை:
காலை வெட்டுக்கு ஆள் கூலி பேசணும், அது முடியும். லாரி ராத்திரிதான் வருது, அதனால பகல் முழுக்க அறைலதான் இருக்கும். கம்பெனிக்கு இந்த நாலு கேள்வியையும் நாளைக்கே அனுப்பறேன், பதில் வந்ததும் இங்கயே போடறேன் சார், நம்பர்களைப் பாத்து சொல்லுங்க.